வரலாற்றுக் காதல் புதினங்களில் பொருந்தா இணைகள்

இக்கட்டுரை ஆங்கில வரலாற்றுக் காதல் புதினங்களில் காணப்படும் கதைக்கரு பற்றியது. தமிழ் அகப்பொருள் இலக்கணம் கூறும் பொருந்தாக் காமம் பற்றி அறிய, பெருந்திணை என்ற கட்டுரையைப் பார்க்க.

பொருந்தா இணை என்பது ஆங்கில வரலாற்றுக் காதல் புதினங்களில் மிகுதியாகக் கையாளப்படும் கதைக்கருக்களுள் ஒன்றாகும். பிறப்பு, செல்வம், வயது, குணம், அரசியல் சார்பு ஆகியவற்றுள் ஒன்றிலோ பலவற்றிலோ ஒவ்வாத இருவர் சூழ்நிலையால் ஒன்றுசேர்க்கப்பட்டு, பின்னர் ஒருவரையொருவர் உண்மையாக விரும்பத் தொடங்குவதை இக்கதைகள் கூறுகின்றன. இவற்றுள் பல, இங்கிலாந்தின் ரீஜென்சி காலத்தையும் (1811–1820) அதனை ஒட்டிய ஆண்டுகளையும் களமாகக் கொண்டவை. இவ்வகைப் புதினத்திற்கு வடிவம் தந்தவராக ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜெட் ஹேயர் (1902–1974) கருதப்படுகிறார்.

இன்றைய வாசகருக்கு இவ்விணைகளின் பொருத்தமின்மை வெறும் குண வேறுபாடாகத் தோன்றக்கூடும். ஆனால் கதை நிகழும் காலத்தில் திருமணம் ஏறத்தாழ மீள முடியாத சட்ட உறவாக இருந்தது. பெண்ணின் சொத்தும் சட்டநிலையும் அதன் வழியாகக் கணவன் கைக்குச் சென்றன. தவறான துணையைத் தேர்ந்தவர் திரும்பி வர வழியில்லை. இக்கதைகளின் அழுத்தத்திற்கு அடிப்படை இதுவே ஆகும்.

வரையறை

காதல் புதினம் என்ற வகைக்கு இரண்டு கூறுகள் இன்றியமையாதனவாகக் கொள்ளப்படுகின்றன. ஒன்று, காதலே மையக் கதையாக இருத்தல். மற்றொன்று, கதை மகிழ்வாக முடிதல். இவற்றுடன் கடந்த காலம் ஒன்றைக் களமாகக் கொள்ளும்போது அது வரலாற்றுக் காதல் புதினம் எனப்படுகிறது. வால்டர் ஸ்காட்டின் "வேவர்லி" (1814) போன்ற வரலாற்றுப் புதினங்களிலும் காதல் உண்டு. எனினும் அவற்றில் அரசியல் நிகழ்வுகளே கதையை நடத்திச் செல்கின்றன. காதல் புதினத்தில் போரும் அரசியலும் பின்புலமாக நிற்க, இருவரின் உறவு முன்னிலை பெறுகிறது.

முடிவு வாசகருக்கு முன்பே தெரிந்திருப்பதால், இணை சேருமா என்பதைவிட எவ்வாறு சேரும் என்பதே இங்குக் கேள்வியாகிறது. இருவருக்கும் இடையிலான தடை எவ்வளவு வலியதோ, அவ்வளவுக்குக் கதையும் வலிமை பெறும். பொருந்தா இணை இவ்வகையில் நிலைபெற்றதற்கு இது முக்கியக் காரணமாகும்.

வரலாற்றுப் பின்னணி

திருமணச் சட்டம்

1753-இல் இயற்றப்பட்டு 1754-இல் நடைமுறைக்கு வந்த ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்சிலும் திருமணம் நடைபெற வேண்டிய முறையை வகுத்தது. இதன்படி தேவாலயத்தில் முன்கூட்டியே ஓலை வாசிக்கப்பட வேண்டும். அல்லது உரிமம் பெறப்பட வேண்டும். 21 வயது நிறையாதோர் உரிமம் பெற்று மணம் புரியத் தந்தையின் அல்லது காப்பாளரின் இசைவு தேவைப்பட்டது. இச்சட்டம் ஸ்காட்லாந்துக்குப் பொருந்தவில்லை. ஆகவே பெற்றோர் இசையாத இணைகள் எல்லையைக் கடந்து கிரெட்னா கிரீன் என்னும் சிற்றூருக்கு ஓடிச்சென்று மணந்துகொண்டனர். இவ்வோட்டம் பல புதினங்களில் திருப்புமுனையாக இடம்பெறுகிறது.

மணமான பெண்ணின் சட்டநிலை கணவனின் சட்டநிலைக்குள் அடங்கியது என்பதே அக்காலப் பொதுச் சட்டத்தின் கொள்கை. வில்லியம் பிளாக்ஸ்டன் தமது சட்ட விளக்க நூலில் (1765–1769) இதனை விரிவாக எடுத்துரைத்தார். மனைவியின் பணமும் அசையும் பொருள்களும் கணவனுக்கு உரியவையாயின. நிலங்களின் வருவாயும் நிருவாகமும் அவனிடம் சென்றன. செல்வக் குடும்பங்கள் திருமணத்திற்கு முன்பே ஒப்பந்தம் எழுதி, பெண்ணுக்கென ஒரு பகுதியைப் பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்து இதனைத் தவிர்க்க முயன்றன. மனைவியின் கைச்செலவுப் பணம், கைம்பெண்ணானால் பெறும் ஆண்டுத்தொகை முதலியனவும் அவ்வொப்பந்தத்தில் எழுதப்பட்டன. மணமான பெண்கள் தம் பெயரிலேயே சொத்து வைத்திருக்கும் முழு உரிமையை 1882-ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கியது.

மறுமணத்துக்கு இடந்தரும் முழு மணமுறிவைப் பெற, 1857-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்ற வேண்டியிருந்தது. செலவு மிகுந்த இவ்வழியில் மணமுறிவு பெற்ற பெண்கள் நால்வர் மட்டுமே.

நிச்சயிக்கப்பட்ட திருமணத்திலிருந்து பின்வாங்குவோர் மீது இழப்பீடு கோரி வழக்குத் தொடுக்கவும் முடிந்தது. பெண் தன் மனத்தை மாற்றிக்கொள்வதைச் சமூகம் ஓரளவு பொறுத்துக்கொண்டது. ஆண் பின்வாங்குவது மதிப்பிழப்பாகக் கருதப்பட்டது. போலி நிச்சயதார்த்தக் கதைகளில் உறவை முறிக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெண்ணிடம் விடப்படுவதற்கு இதுவே காரணம்.

வரலாற்றில் இடம்பெற்ற இணைகள்

புதினங்களில் வரும் சூழல்களுக்கு ஒத்த நிகழ்வுகள் வரலாற்றிலும் உண்டு. அவற்றின் முடிவுகள் எப்போதும் புதினங்களை ஒத்திருக்கவில்லை.

- சாரா சைல்டு: வங்கி உரிமையாளர் ராபர்ட் சைல்டின் மகள். 1782-இல் வெஸ்ட்மோர்லாந்தின் 10-ஆம் ஏர்லுடன் கிரெட்னா கிரீனுக்கு ஓடிச்சென்று மணந்தார். அதே ஆண்டில் இறந்த தந்தை, தமது செல்வம் ஏர்லின் பட்டத்துக்கு வாரிசாகும் மகனைச் சேராதவாறு உயில் எழுதினார். அச்செல்வம் பின்னர் பேத்தி சாரா சோபியாவை அடைந்தது. இவரே இலண்டன் உயர்குடியினர் கூடிய ஆல்மாக்ஸ் மன்றத்தின் புரவலர்களுள் ஒருவராக விளங்கிய ஜெர்சி சீமாட்டி ஆவார்.
- ஹாரியட் மெலன்: நாடக நடிகை. 1815-இல் முதிய வங்கியாளர் தாமஸ் கூட்ஸை மணந்து, அவர் மறைவுக்குப் பின் பெருஞ்செல்வம் பெற்றார். 1827-இல், தம் 49-ஆம் வயதில், 26 வயதினரான செயின்ட் ஆல்பன்ஸ் டியூக்கை மணந்தார். இத்திருமணம் அக்காலத்தில் பெரும் ஏளனத்திற்கு உள்ளானது.
- நான்காம் ஜார்ஜ்: தந்தை மூன்றாம் ஜார்ஜின் நோய் காரணமாக, இளவரசராக இருந்தபோதே 1811 முதல் 1820 வரை அரசப் பிரதிநிதியாக ஆட்சி செய்தவர். ரீஜென்சி காலம் என்ற பெயர் இதனாலேயே ஏற்பட்டது. கடன்களைத் தீர்க்க நாடாளுமன்றத்தின் உதவியை எதிர்பார்த்து, 1795-இல் பிரன்சுவிக் இளவரசி கரோலினை மணந்தார். இருவரும் விரைவிலேயே பிரிந்தனர். 1820-இல் அரசரானதும் கரோலினின் பட்டத்தைப் பறித்து மணவுறவை முடிக்கும் சட்ட முன்வரைவு பிரபுக்கள் அவையில் கொண்டுவரப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. 1821-ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவில் கரோலின் உள்ளே அனுமதிக்கப்படவில்லை. சில வாரங்களில் அவர் காலமானார்.

பணத்துக்காகச் செய்த திருமணம் காதலாக முடிவதைக் கூறும் புதினங்கள் மிகுதியாகத் தேர்ந்துகொண்ட காலம், அத்தகைய திருமணம் முற்றிலும் தோல்வியுற்ற ஓர் இளவரசரின் ஆட்சியால் பெயர் பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

தோற்றமும் வளர்ச்சியும்

முன்னோடிகள்

சாமுவேல் ரிச்சர்ட்சனின் "பமீலா" (1740) பணிப்பெண் ஒருத்தி தன் எசமானனை மணப்பதைக் கடித வடிவில் கூறுகிறது. அவள் அவனுடைய வன்முறை நிறைந்த முயற்சிகளை எதிர்த்து நின்று, முடிவில் மனைவியாகிறாள். இந்நூல் பெரும் புகழ் பெற்றது. அதே வேளையில் அடுத்த ஆண்டே ஹென்றி பீல்டிங் "ஷமீலா" என்ற பகடி நூலின் மூலம் இதனைச் சாடினார். பொருந்தா இணை பற்றிய வாதம் இவ்வாறு அதன் தொடக்கத்திலேயே எழுந்தது.

ஜேன் ஆஸ்டினின் "பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்" (1813) பிற்காலப் புதினங்களுக்கு முன்மாதிரியானது. இதன் நாயகன் டார்சியின் ஆண்டு வருமானம் 10,000 பவுண்டு. நாயகி எலிசபெத்துக்குத் தாயின் மறைவுக்குப் பின் கிடைக்கக்கூடியது 4 விழுக்காடு வட்டி தரும் 1,000 பவுண்டு முதல், அதாவது ஆண்டுக்கு 40 பவுண்டு மட்டுமே. குடும்பத்தின் நிலம் ஆண் வாரிசுக்கே செல்லும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. ஆகவே டார்சியின் முதல் வேண்டுகோளை எலிசபெத் மறுப்பது, வாழ்நாள் பாதுகாப்பை மறுப்பதாகவும் அமைகிறது. அவளுடைய தோழி சார்லட் லூகாஸ் 27 வயதில், தான் மதிக்காத காலின்ஸைப் பாதுகாப்புக்காகவே மணக்கிறாள். காதலற்ற பொருந்தா இணையின் விலையை ஆஸ்டின் இவ்வாறு அருகிலேயே வைத்துக் காட்டுகிறார்.

சார்லட் பிராண்டியின் "ஜேன் அயர்" (1847) வீட்டு ஆசிரியை ஒருத்திக்கும் அவளுக்கு ஊதியம் தரும் ரோச்செஸ்டருக்கும் இடையிலான காதலைக் கூறுகிறது. ரோச்செஸ்டரின் மனைவி மனநோயுற்று அவ்வீட்டிலேயே அடைத்து வைக்கப்பட்டிருக்கிறாள். இங்கிலாந்தில் தீராத மனநோய் மணமுறிவுக்குரிய காரணமாக ஏற்கப்பட்டது 1937-இல்தான். இப்புதினத்தின் நெருக்கடி முழுவதும் அக்காலச் சட்டத்திலிருந்தே பிறக்கிறது.

"பமீலா"வும் ஆஸ்டினின் புதினமும் தத்தம் காலத்தையே சித்தரித்தன. எனவே அவை வரலாற்றுப் புதினங்கள் ஆகா.

ஜார்ஜெட் ஹேயர்

ஹேயரின் முதல் புதினம் "தி பிளாக் மாத்" 1921-இல் வெளிவந்தது. ரீஜென்சி காலத்தைக் களமாகக் கொண்ட "ரீஜென்சி பக்" 1935-இல் வெளியாயிற்று. அக்கால உடை, வண்டி, பேச்சு வழக்கு, பண வழக்கம் ஆகியவற்றை ஆராய்ந்து எழுதியது இவருடைய தனித்தன்மையாகும். பொருந்தா இணையைப் பல கோணங்களிலிருந்து இவர் அணுகினார்.

"தி கன்வீனியன்ட் மேரேஜ்" (1934) ஜார்ஜிய காலத்தில் நிகழ்கிறது. 35 வயதான ரூல் ஏர்லுக்குத் தன் அக்காள் எலிசபெத்தை மணமுடிக்கக் குடும்பம் எண்ணுகிறது. அக்காளோ வேறொருவரை விரும்புகிறாள். திக்குவாயுடைய 17 வயதுத் தங்கை ஹொரேஷியா நேரில் சென்று, அக்காளுக்கு மாற்றாகத் தன்னை மணந்துகொள்ளுமாறு ஏர்லிடம் கேட்கிறாள். "கொட்டிலியன்" (1953) போலி நிச்சயதார்த்தக் கதை. இதில் நாயகி கிட்டி, தான் முதலில் விரும்பிய அழகனான ஜாக்கை விடுத்து, வீர சாகசம் எதுவுமில்லாத, ஆனால் நற்பண்பும் உலகியல் அறிவும் உடைய பிரெடியைத் தேர்கிறாள்.

1972-க்குப் பின்

கேத்லீன் வுடிவிஸ் எழுதிய "தி பிளேம் அண்ட் தி பிளவர்" 1972-இல் அமெரிக்காவில் ஏவன் நிறுவனத்தால் நேரடியாக மலிவுப் பதிப்பாக வெளியிடப்பட்டு, பல இலட்சம் படிகள் விற்றது. பாலியல் நிகழ்வுகளை வெளிப்படையாகக் கூறும் நீண்ட வரலாற்றுக் காதல் புதினங்களுக்கு இது வழி திறந்தது. இதில் நாயகன் நாயகியைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்திய பின்னர் அவளை மணக்க நேர்கிறது. இவ்வமைப்பு பின்னாளில் கடுமையான கண்டனத்துக்கு உள்ளானது.

1990-களில் நாயகியின் செயலாற்றல் முன்னிலை பெற்றது. லொரெட்டா சேஸின் "லார்ட் ஆப் ஸ்கவுண்ட்ரல்ஸ்" (1995) இதற்கு எடுத்துக்காட்டாகும். இதில் தன் நற்பெயரைக் கெடுத்த பிரபுவை நாயகி துப்பாக்கியால் சுட்டுக் காயப்படுத்துகிறாள். ஜூலியா குவினின் "தி டியூக் அண்ட் ஐ" (2000) போலிக் காதலில் தொடங்கிக் கட்டாயத் திருமணத்தில் சென்று முடியும் கதை. இதனைத் தழுவிய "பிரிட்ஜர்டன்" தொடரின் முதற்பருவம் 2020 டிசம்பர் 25 அன்று நெட்பிளிக்சில் வெளியானது.

பொருத்தமின்மையின் வகைகள்

- செல்வமும் குலமும்: கடன்பட்ட பிரபுவும் வணிகர் மகளும், செல்வரும் பணியாளரும்.
- வசதிக்கான திருமணம்: காதல் இல்லை என்று இருவரும் அறிந்தே செய்துகொள்ளும் ஏற்பாடு. காதல் பின்னர் தோன்றுகிறது.
- போலி நிச்சயதார்த்தம்: வேறொரு நோக்கத்துக்காக நடிக்கத் தொடங்கியவர்கள் நடிப்பிலிருந்து விலக முடியாமற் போதல்.
- கட்டாயத் திருமணம்: தனித்திருக்கையில் பிறரால் காணப்பட்டதால், பெண்ணின் நற்பெயரைக் காக்க நடைபெறும் திருமணம்.
- குண முரண்: ஒழுங்கை விரும்புபவரும் ஊதாரியும், அறிவாற்றலால் வாழ்பவரும் களியாட்டக்காரரும்.
- கொள்கை முரண்: எதிரெதிர் அரசியல் அல்லது போர் அணிகளைச் சேர்ந்தவர்கள்.

கதை அமைப்பு

அமெரிக்கத் திறனாய்வாளர் பமீலா ரெஜிஸ், தமது 2003-ஆம் ஆண்டு நூலில் காதல் புதினத்திற்கு எட்டுக் கூறுகளை வகுத்தார். குறையுடைய சமூகத்தின் அறிமுகம், சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதலை வெளியிடுதல், எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும் நெருக்கடி, தடையைத் தாண்டச் செய்யும் அறிதல், மண உறுதி என்பன அவை. வசதிக்கான திருமணக் கதையில் இவற்றின் வரிசை மாறுகிறது. திருமணம் முதலில் நிகழ, காதலின் வெளிப்பாடு இறுதியில் வருகிறது. சட்டப்படி ஒன்றான இருவர் ஒருவருக்கொருவர் அயலாராக இருப்பதே இங்குத் தடையாகிறது.

இக்கதைகளில் அன்பு, பெரும் அறிவிப்புகளைவிட அன்றாடச் செயல்களின் வழியே வளர்கிறது. ஒருவர் நோயுறும்போது மற்றவர் கவனித்தல், குடும்பத்தாரின் கடனையோ அவமானத்தையோ ஓசையின்றித் தீர்த்து வைத்தல் முதலியன அடிக்கடி இடம்பெறும். எலிசபெத்தின் தங்கை லிடியாவின் திருமணத்தை டார்சி மறைவாகப் பணம் கொடுத்து முடித்து வைப்பது இதன் முன்மாதிரி.

எடுத்துக்காட்டு: "எ சிவில் கான்ட்ராக்ட்"

1961-இல் வெளிவந்த ஹேயரின் "எ சிவில் கான்ட்ராக்ட்" (குடிமுறை ஒப்பந்தம் என்பது பொருள்) இக்கதைக்கருவை வழக்கத்துக்கு மாறாகக் கையாண்ட புதினமாகும். கதை 1814, 1815 ஆண்டுகளில் நிகழ்கிறது.

நெப்போலியனுக்கு எதிரான ஐபீரியப் போரில் காயமுற்ற ஆடம் டெவரில், தந்தையின் மறைவால் லின்டன் வைகவுன்ட் ஆகிறான். தந்தை விட்டுச் சென்றதோ பெருங்கடன். லிங்கன்ஷயரில் உள்ள குடும்பச் சொத்தான பான்ட்லி அடமானத்தில் உள்ளது. அவன் விரும்பிய ஜூலியா ஓவர்ஸ்லியை மணக்க வழியில்லாமற் போகிறது. இலண்டன் வணிகர் ஜொனாதன் சாலியின் ஒரே மகள் ஜெனியை மணந்து குடும்பத்தைக் காக்கிறான். ஜெனி அழகியல்லள்; பருத்த உடலும் நடைமுறை அறிவும் கொண்டவள். ஜூலியாவின் பள்ளித்தோழியான அவள், ஆடமை முன்பே உள்ளூர விரும்பியவள்.

மாமனார் தாராள மனத்தினர்; ஆனால் தம் பணத்தால் எதையும் சீர்செய்துவிடலாம் என எண்ணுபவர். அவருடைய ஒவ்வொரு அன்பளிப்பும் ஆடமின் தன்மானத்தைச் சுடுகிறது. கணவனின் மனம் வேறிடத்தில் இருப்பதை ஜெனி அறிவாள். அதனைப் பற்றிப் பேசாமல், அவனது வசதிகளையும் நிலப்பணிகளையும் கவனித்து வருகிறாள்.

1815 ஜூனில் வாட்டர்லூப் போரில் வெலிங்டன் தோற்றுவிட்டார் என்ற வதந்தி இலண்டனில் பரவுகிறது. அரசுக் கடன் பத்திரங்களை விற்றுவிடுமாறு மாமனார் அறிவுறுத்துகிறார். வெலிங்டனிடம் பணியாற்றிய ஆடமோ வெற்றி உறுதியென நம்பி, விலை வீழ்ந்த பத்திரங்களை வாங்குகிறான். வெற்றிச் செய்தி ஜூன் 21 இரவு இலண்டனை எட்டியது. ஆடம் பெரும் பொருள் ஈட்டி, மாமனாரைச் சார்ந்திராத நிலையை அடைகிறான்.

கடனிலிருந்து விடுபட்ட பின்னரே அவனால் மனைவியைக் கடனாக எண்ணாமல் பார்க்க முடிகிறது. அதற்குள் ஜூலியா வயதில் மூத்த ராக்ஹில் மார்க்விஸை மணந்துவிட்டாள். ஆடமின் பழைய மயக்கமும் தெளிகிறது. ஜெனியின் மீது அவன் கொள்வது அமைதியான, நிலைத்த அன்பு. முதற்காதலின் வேகம் அதில் இல்லை; அதனை ஜெனியும் அறிந்தே ஏற்கிறாள். இம்முடிவை நிறைவானது என்று கொள்வோரும், ஜெனிக்குக் கிடைத்தது குறைவு என்று வருந்துவோரும் வாசகர்களிடையே உள்ளனர். மகிழ்வான முடிவு எனப்படுவது யாருக்கு, எந்த அளவுக்கு மகிழ்வானது என்ற கேள்வியை இப்புதினம் எழுப்புகிறது.

திறனாய்வு

சமூக ஒழுங்கு: இக்கதைகள் ஏற்றத்தாழ்வைத் தடையாகக் காட்டினாலும், முடிவில் ஓர் இணையை மட்டுமே அதிலிருந்து விடுவிக்கின்றன என்பது முதன்மையான விமர்சனம். பணிப்பெண் பிரபுவின் மனைவியாகிறாள். பணிப்பெண்களின் நிலை மாறுவதில்லை. நல்ல கணவன் அமைந்தால் கொடிய சட்டமும் தீங்கற்றது என்ற எண்ணத்தை இவை ஊட்டக்கூடும்.

ஒப்புதல்: நாயகனின் கொடுமையைக் காதலின் முதற்படியாகக் காட்டுவது 1970-களின் புதினங்கள் மீதான கடுமையான குற்றச்சாட்டாகும். "தி டியூக் அண்ட் ஐ" புதினத்தில் குடிபோதையிலிருக்கும் கணவனின் இசைவின்றி மனைவி நடந்துகொள்ளும் நிகழ்வும் விவாதத்துக்கு உள்ளானது.

வாசிப்போர் நோக்கு: ஜானிஸ் ராட்வே 1984-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் பெண் வாசகர்களுடன் உரையாடினார். வீட்டுக் கடமைகளிலிருந்து தமக்கென ஒதுக்கும் நேரமாக வாசிப்பை அவர்கள் கருதினர். கடுமையான ஆண் ஒருவன் அன்பும் அக்கறையும் காட்டக் கற்றுக்கொள்வதை அவர்கள் கதைகளில் எதிர்பார்த்தனர். தம் வாழ்வில் கிடைக்காத பேணுதலை இக்கதைகள் ஈடுசெய்தாலும், அக்குறைக்குக் காரணமான குடும்ப அமைப்பை மாற்றத் தூண்டவில்லை என்பது ராட்வேயின் கருத்து.

வரலாற்றுத் துல்லியம்: ரீஜென்சி காலத்தில் அரச குடும்பத்தைச் சேராத டியூக்குகள் முப்பதுக்கும் குறைவாகவே இருந்தனர். புதினங்களில் வரும் டியூக்குகளின் எண்ணிக்கை அதனினும் பன்மடங்கு மிகுதி.

விலக்கப்பட்டோர்: "தி கிராண்ட் சோபி" (1950) புதினத்தில் ஹேயர் யூத வட்டிக்கடைக்காரரை இழிவான வார்ப்பாகச் சித்தரித்தது கண்டிக்கப்படுகிறது. யாருக்கிடையிலான வேறுபாடு காதலால் கடக்கத்தக்கது என்பதைக் காதல் புதினங்கள் நெடுங்காலம் குறுகிய வட்டத்துக்குள்ளேயே தீர்மானித்தன.

பிற்கால மாற்றங்கள்

இவ்வட்டத்தை விரிவுபடுத்திய எழுத்தாளர்களுள் பெவர்லி ஜென்கின்ஸ் முக்கியமானவர். இவர் 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கறுப்பின மக்களை மையமாகக் கொண்டு எழுதினார். இவரது முதல் புதினம் "நைட் சாங்" 1994-இல் வெளியானது. "இண்டிகோ" (1996) புதினத்தின் நாயகி ஹெஸ்டர், அடிமையாகப் பிறந்து, பின்னர் தப்பிவரும் அடிமைகளுக்கு மிச்சிகனில் அடைக்கலம் தருபவள். நாயகன் கேலன், நியூ ஓர்லியன்சின் செல்வக் கறுப்பினக் குடும்பத்தைச் சேர்ந்தவன். ஒரே இனத்துக்குள்ளும் நிறமும் செல்வமும் பிறப்பும் ஏற்படுத்திய பிளவுகளை இப்புதினம் காட்டுகிறது.

கே. ஜே. சார்லஸின் "எ செடிஷியஸ் அபேர்" (2015) 1819-ஆம் ஆண்டுப் பீட்டர்லூப் படுகொலைக்குப் பிந்தைய இலண்டனில் நிகழ்கிறது. புரட்சிக் கருத்துடைய புத்தக வணிகர் ஒருவரும், அத்தகையோரை ஒடுக்கும் உள்துறை அலுவலகத்தில் பணிபுரியும் பழைமைவாதி ஒருவரும் காதலிக்கின்றனர். இருவரும் ஆண்கள். ஆண்களுக்கிடையிலான உடலுறவுக்கு இங்கிலாந்தில் 1861 வரை மரண தண்டனை விதிக்கப்படலாம். திருமணம் என்ற முடிவு இங்கு இல்லை. சட்டம் முதலில் கட்டிப்போட்டுப் பின்னர் காதல் மலர்வதை ஹேயரின் கதைகள் கூறின. சட்டம் முற்றிலும் மறுத்த உறவை இருவர் தாமாகக் காத்துக்கொள்வதை இக்கதை கூறுகிறது. பொருந்தா இணை என்ற ஒரே கருவின் இரு எல்லைகளாக இவற்றைக் கொள்ளலாம்.

இவற்றையும் பார்க்க

- ஜேன் ஆஸ்டின்
- ஜார்ஜெட் ஹேயர்
- ரீஜென்சி காலம்
- வரலாற்றுப் புதினம்
- கிரெட்னா கிரீன்
- பெருந்திணை